நான்கு முகம் கொண்ட முழக்கோல்: விரல், சாண், முழக் கணக்கை மரத்தில் இறக்கிய அனுபவம்

இந்தப் பதிவு ஒரு மரக்கோலைப் பற்றியது. நீளம் 60 செ.மீ., குறுக்குவெட்டு 24 மி.மீ. சதுரம். நான்கு முகத்திலும் நான்கு வகை அளவு கீறியிருக்கிறேன். ஒன்றில் எகிப்திய அரச முழம், அடுத்ததில் ரோமானிய முழம், மூன்றாவதில் என் சொந்தக் கை, நான்காவதில் நம் ஊர் ஆசாரிகளின் முழக்கோல் அங்குலம்.

பழைய அளவுகளை இன்றைய அளவுக்கு மாற்ற வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் தேடுவது "ஒரு முழம் எத்தனை சென்டிமீட்டர்?" என்பதைத்தான். 45.72 என்று பதில் வரும். அது ஒன்றரை ஆங்கில அடி, அவ்வளவுதான். எந்த நாட்டு முழம், எத்தனை விரல் கொண்ட முழம் என்று யாரும் கேட்பதில்லை. கீசாவின் பெரிய பிரமிடுக்கு அடிப்பக்கம் 440 முழம். எருசலேமில் பாறையைக் குடைந்த வாய்க்காலுக்கு 1200 முழம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் செப்புத் திருமேனிகளின் உயரமும் முழத்திலும் விரலிலும்தான் இருக்கிறது. எல்லாமே முழம்தான், ஆனால் ஒன்றின் நீளம் இன்னொன்றுக்கு இல்லை. படிக்கும்போதெல்லாம் இது உறுத்திக்கொண்டே இருந்தது. கையில் பிடித்துத் திருப்பிப் பார்க்க ஒரு கோல் இருந்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும் என்று தோன்றியது.

முதலில் வாய்பாடு

மரத்தைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எல்லா முறைகளையும் விரல் எண்ணிக்கையாக எழுதிக்கொண்டேன். இதை யார் செய்தாலும் பாதிக் குழப்பம் தீரும்.

தமிழ்க் கணக்கில் 8 நெல் ஒரு விரல், 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், 4 முழம் ஒரு கோல். எகிப்தில் 4 விரல் ஒரு உள்ளங்கை, 12 விரல் சிறு சாண், 14 விரல் பெரிய சாண், 24 விரல் சிறு முழம், 28 விரல் அரச முழம். கிரேக்கர்களுக்கு 12 விரல் சாண், 16 விரல் அடி, 24 விரல் முழம், இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் 96 விரல். ரோமானியர்களுக்கும் அடி 16, முழம் 24. அவர்களுடைய பாஸுஸ் 80 விரல். ஒரு கால் ஊன்றிய இடத்திலிருந்து அதே கால் மறுபடி ஊன்றும் இடம் வரை உள்ள தூரம் அது. ஆயிரம் பாஸுஸ் சேர்ந்தால் ஒரு ரோமானிய மைல்.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் 12 அங்குலம் ஒரு விதஸ்தி, அதாவது சாண். 14 அங்குலத்துக்குத் தனிப் பெயர் உண்டு. 24 அங்குலம் ஒரு முழம். துலாக்கோல், முகத்தல் அளவை, மேய்ச்சல் நிலம் இவற்றுக்கு 28 அங்குல முழம். 96 அங்குலம் ஒரு தண்டம். எகிப்தின் 12, 14, 24, 28 அப்படியே இங்கேயும் வருவதைப் பார்த்து எனக்கு முதலில் பெரிய வியப்பு. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரிடமிருந்து மற்றவர் வாங்கினார் என்று சொல்லிவிட முடியாது. நாலு விரலைச் சேர்த்து வைத்து அளக்கிற எந்த ஊராரும் இந்த எண்களுக்குத்தான் வந்து சேர்வார்கள்.

தாளில் எழுதியதும் ஒன்று தெளிவானது. ஒரு முறைக்குள் நடக்கும் மாற்றம் எல்லாமே முழு எண். அதில் தசமப் புள்ளிக்கு வேலையே இல்லை. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தாண்டும்போது மட்டும்தான் மில்லிமீட்டர் தேவைப்படுகிறது. அதுவும் ஒரே ஒரு எண்ணுக்கு: அந்த ஊர் விரல் எவ்வளவு அகலம் என்பதற்கு. கோலை அந்த எண்ணத்தில்தான் வடிவமைத்தேன்.

மரம்

தேக்கு ரீப்பர் கேட்டுத்தான் எங்கள் பகுதி ஆசாரியிடம் போனேன். என்ன வேலைக்கு என்று கேட்டார். மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு கீற வேண்டும் என்றேன். "அதுக்குத் தேக்கு வேண்டாம் சார். துவாரம் பெரிசு, கத்தி போற வழியில பிசிறும். மஞ்சக்கடம்பு இருக்கு, எடுத்துட்டுப் போங்க. அந்தக் காலத்துல ஸ்கேல் எல்லாம் இதுலதான் பண்ணுவாங்க" என்று ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் நிறம், நெருக்கமான ரேகை, ஓரம் கத்தி போல் நிற்கிறது. இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான மரம் எனக்குத் தெரியவில்லை.

மரத்தில் அளவுகோல் செய்தால் மழைக்காலத்தில் நீளம் மாறிவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. மரம் ஈரத்தில் உப்புவது ரேகைக்குக் குறுக்கேதான். ரேகை ஓடும் திசையில் அசைவு மிக மிகக் குறைவு. எகிப்தியர்கள் மரத்தில் முழக்கோல் வைத்திருந்ததில் வியப்பில்லை. இத்தாலியின் தூரின் அருங்காட்சியகத்தில் கா என்ற கட்டட அதிகாரியின் கல்லறைப் பொருள்கள் இருக்கின்றன. கல்லறையை 1906-இல் கண்டுபிடித்தார்கள். அதில் நடுவில் கீல் வைத்து மடக்கும் மரமுழக்கோல் ஒன்று, அதற்கான தோல் உறையோடு கிடைத்திருக்கிறது. வேலைக்கு எடுத்துப்போன கோல். அரசர் பரிசளித்த தங்கத் தகடு போர்த்திய கோலும் அதே கல்லறையில் இருந்தது. எனக்கு மடக்குக் கோல்தான் பிடித்தது.

இழைப்புளியால் நான்கு முகத்தையும் தள்ளி, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து, உப்புத்தாளில் தேய்த்தேன். அப்புறம் பிரெஞ்சு பாலிஷ் ஒரே ஒரு கோட். இதை விடவே கூடாது. பாலிஷ் முதலில் ரேகையை அடைத்துவிடும். அதன்மேல் கத்தியால் கீறி, கோட்டில் இந்தியன் இங்க் விட்டுத் துடைத்தால் மை கீறலுக்குள் மட்டும் நிற்கும். பாலிஷ் இல்லாத மரத்தில் மை பக்கவாட்டில் ஊறி, மயிரிழைக் கோடு ஒரு மில்லிமீட்டர் கோடாகிவிடும்.

இன்னொன்று, அளவைக் கோலின் முனையிலிருந்து தொடங்காமல் 15 மி.மீ. உள்ளே தள்ளி முதல் கோடு போட்டேன். முனை தேய்ந்தாலும் மழுங்கினாலும் அளவுக்கு ஒன்றும் ஆகாது.

எகிப்து முகம்

அரச முழத்துக்கு நான் எடுத்துக்கொண்ட நீளம் 523.6 மி.மீ. கிடைத்திருக்கும் கோல்களில் பல 523-க்கும் 525-க்கும் இடையில் நிற்கின்றன. ஆனால் நான் கோல்களைவிடக் கட்டடத்தையே நம்பினேன். பெரிய பிரமிடின் உள்ளே அரசர் அறை 10 முழம் அகலம், 20 முழம் நீளம். ஆங்கிலேயத் தொல்லியலாளர் பிளின்டர்ஸ் பெட்ரி 1880–82-இல் அந்த அறையை அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு வரை அளந்தார். நீளம் 412¼ அங்குலம். மீட்டரில் 10.47. இருபதால் வகுத்தால் 523.6 மி.மீ. கிரானைட்டில் இழைத்துக் கட்டிய அறை அது. மரக்கோல் ஒன்றைவிட அதற்குச் சாட்சி மதிப்பு அதிகம்.

523.6-ஐ 28-ஆல் வகுத்தால் 18.7 மி.மீ. சுத்தமாக வருகிறது. அதற்காகக் காம்பஸை 18.7-க்குத் திறந்து இருபத்தெட்டுத் தடவை நடத்தக் கூடாது. ஒவ்வொரு அடியிலும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கடைசியில் 2.8 மி.மீ. போய்விடும். பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்குவதுதான் சரி. முதலில் முழுநீளத்தைக் குறித்தேன். 500 மி.மீ. வரை ஸ்டீல் ஸ்கேல், மிச்சம் 23.6 மி.மீ. வெர்னியர் காலிப்பர். பிறகு ஏழு உள்ளங்கையாகப் பிரிக்க வேண்டும்.

ஏழாகப் பிரிப்பதற்குப் பள்ளியில் படித்த சாய்கோட்டு முறையே போதும். ஒரு பிளைவுட் பலகையில் 523.6 மி.மீ. கோடு இழுத்து, அதன் ஒரு முனையிலிருந்து சாய்வாக இன்னொரு கோடு போட்டு, அதில் 80 மி.மீ.க்கு ஒரு புள்ளியாக 560 வரை ஏழு புள்ளி வைத்தேன். கடைசிப் புள்ளியை அடிக்கோட்டின் மறுமுனையோடு சேர்த்து, மற்றப் புள்ளிகளிலிருந்து அதற்கு இணையாகக் கோடு இறக்கினால் அடிக்கோடு ஏழு சம பங்காகிவிடும். ஒவ்வொன்றும் 74.8. அதைப் பாதியாக்கினால் 37.4, மறுபடி பாதியாக்கினால் 18.7. பாதியாக்குவதைக் காம்பஸ் அழகாகச் செய்யும்.

பழைய எகிப்தியச் சடங்குக் கோல்களில் ஒரு நுட்பம் உண்டு. வலது முனையிலிருந்து முதல் விரலை 2 பங்காகவும், அடுத்ததை 3 பங்காகவும், அதற்கடுத்ததை 4 பங்காகவும் பிரித்துக்கொண்டே போய், பதினைந்தாவது விரலை 16 பங்காகப் பிரித்திருப்பார்கள். அதாவது அரை, கால், மூன்றில் ஒன்று, ஏழில் ஒன்று என எந்தப் பின்னம் வேண்டுமானாலும் அதற்கென்று ஒரு விரல் தயாராக இருக்கும். நானும் அப்படியே கீறினேன். பதினாறில் ஒரு பங்கு 1.17 மி.மீ. உருப்பெருக்கிக் கண்ணாடியை மேசை விளம்பில் பொருத்தி, புதிய கட்டர் பிளேடு போட்டு, மூலைமட்டத்தின் ஓரத்தில் ஒவ்வொரு கோட்டையும் ஒரே இழுப்பில் போட வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை கத்தியை ஓட்டினால் கோடு இரட்டையாகிவிடும். பதினொன்று, பதின்மூன்று பங்கு விரல்கள்தான் மிகக் கடினம். பாதியாக்கும் வழி அங்கே உதவாது, மறுபடி சாய்கோடுதான். இந்தக் கோலில் நான் மிகவும் மகிழ்ந்து செய்த பகுதி இதுவே. மூவாயிரம் ஆண்டுக்கு மேல் முன்னால் ஒருவர் இதே இடத்தில் கண்ணைச் சுருக்கி உட்கார்ந்திருப்பார்.

கோல் தயாரானதும் சரிபார்க்க இரண்டு சோதனை செய்தேன். முதல் சோதனை சரிவு. எகிப்தியர்கள் பிரமிடின் சரிவைக் கோணமாகச் சொல்லவில்லை. ஒரு முழம் உயர்ந்தால் எத்தனை உள்ளங்கை உள்வாங்கும் என்று சொன்னார்கள். அதற்கு செக்கெட் என்று பெயர். உயரம் முழத்தில், உள்வாங்கல் உள்ளங்கையில். ஆக, கணக்கிலேயே அலகு மாற்றம் இருக்கிறது. ரைண்டு பாப்பிரஸ் என்ற பழைய எகிப்தியக் கணக்கு ஏட்டின் 56-ஆம் கணக்கு இதுதான்: அடிப்பக்கம் 360 முழம், உயரம் 250 முழம், செக்கெட் என்ன? பாதி அடிப்பக்கம் 180. அதை 250-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கினால் 5-உம் இருபத்தைந்தில் ஒன்றும். பெரிய பிரமிடுக்கு அடிப்பக்கம் 440, உயரம் 280. 220-ஐ 280-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கினால் ஐந்தரை உள்ளங்கை, அதாவது 22 விரல். அட்டையில் 28 விரல் உயரம், 22 விரல் அகலம் கொண்ட செங்கோண முக்கோணம் வெட்டி, பாகைமானி வைத்துப் பார்த்தேன். 52 பாகைக்கு ஒரு மயிரிழை கீழே. பிரமிடின் சரிவாகச் சொல்லப்படுவது 51 பாகை 50 நிமிடம். கோல் சரியாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது சோதனை மூலைவிட்டம். எகிப்தில் 20 விரலுக்கு ரெமென் என்று ஒரு அளவு உண்டு. அரச முழத்தைப் பக்கமாகக் கொண்ட சதுரத்தின் மூலைவிட்டம் இரண்டு ரெமென் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். சதுரம் வரைந்து பார்த்தேன். மூலைவிட்டம் 740.5 மி.மீ., 40 விரல் 748 மி.மீ. ஏழரை மில்லிமீட்டர் இடிக்கிறது. நிலம் அளக்க இது போதும். கல் இழைக்கப் போதாது.

ரோம் முகம்

இதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ரோமானிய அடி 296 மி.மீ., விரல் 18.5, முழம் 444. மூன்றாகப் பிரித்தால் 148, பிறகு பாதி பாதியாக 74, 37, 18.5. எல்லாமே ஸ்கேலில் நேராக உட்காரும் எண்கள்.

ஆனால் இந்த முகம் முடிந்த பிறகுதான் கோலின் உண்மையான பயன் தெரிந்தது. எகிப்து முகமும் ரோம் முகமும் சேரும் விளிம்பில் இரண்டுக்கும் ஒரே தொடக்கக் கோடு வைத்திருந்தேன். முதல் விரலில் இரண்டு கோடும் ஒன்று போலவே தெரிகின்றன. நாலாவது விரலில் முக்கால் மில்லிமீட்டர் விலகல். இருபத்துநாலாவது விரலில் 4.8 மி.மீ. அவ்வளவுதான் வேறுபாடு! இரண்டு நாட்டு விரலும் ஏறக்குறைய ஒரே விரல். அரச முழம் ரோம் முழத்தைவிட 8 செ.மீ. நீளமாக இருப்பதற்குக் காரணம் விரலின் பருமன் இல்லை, எண்ணிக்கை. அங்கே 28, இங்கே 24. முழத்துக்கு முழம் ஒப்பிட்டால் இது தெரியவே தெரியாது.

சீலோவாம் வாய்க்காலை இந்த இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். எருசலேமில் பாறைக்கு அடியில் இரு பக்கத்திலிருந்தும் குடைந்து நடுவில் சந்தித்த கதையைச் சொல்லும் கல்வெட்டு 1880-இல் கிடைத்தது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊற்றிலிருந்து குளம் வரை 1200 முழம் தண்ணீர் ஓடியது என்கிறது அது. வாய்க்கால் இன்றும் இருக்கிறது, நீளம் 533 மீட்டர். அரச முழமாக வைத்தால் 628 மீட்டர் வரும், பொருந்தவே இல்லை. 24 விரல் முழமாக வைத்து எகிப்து விரலில் கணக்கிட்டால் 538.6. விரலை 18.5 என்று வைத்தால் 532.8. ஆக, அது 24 விரல் முழம் என்பதில் ஐயமில்லை. ஆனால் விரல் 18.5-ஆ 18.7-ஆ என்பதை இந்தக் கணக்கை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. 1200 என்பது முழுமையாக்கிச் சொன்ன எண் போலத்தான் இருக்கிறது. அதிலிருந்து மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றைப் பிழிய முடியாது.

என் கை

மூன்றாம் முகத்தில் என் கையை வைத்தேன். விரல், சாண், முழம் எல்லாம் உடம்பிலிருந்து வந்தவைதானே, அந்த உடம்பு வாய்பாட்டுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்க ஆசை.

நாலு விரலையும் ஒட்டி வைத்து நடு மூட்டில் அளந்தால் 73 மி.மீ. ஒரு விரல் 18.25. அதன்படி சாண் 219, முழம் 438 வர வேண்டும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நன்றாக விரித்து வைத்தால் என் சாண் 212. முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனி வரை 456. அதாவது என் உடம்பில் மூன்று முழம் இருக்கிறது: இரண்டு சாணால் 424, இருபத்துநாலு விரலால் 438, கையால் 456. மூன்றையும் ஒரே முகத்தில் கீறி, மூன்று நிற மையில் நிரப்பியிருக்கிறேன். முதலுக்கும் கடைசிக்கும் 32 மி.மீ. இடைவெளி. கோலை யாரிடம் காட்டினாலும் இந்த முகத்தைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள். உடனே தங்கள் கையை அதன்மேல் வைத்துப் பார்க்கிறார்கள்.

எண்சாண் உடம்பு என்று நாம் சொல்வதையும் சோதித்தேன். என் உயரம் 170 செ.மீ. எட்டு சாண் 169.6. அச்சு அசலாகப் பொருந்துகிறது. எட்டு சாண் என்றால் வாய்பாட்டின்படி 96 விரல், 4 முழம். ரோமானியக் கட்டடக்கலை எழுத்தாளர் விட்ருவியஸும் மனித உயரத்தை 4 முழம், 6 அடி என்கிறார், அதுவும் 96 விரல்தான். கௌடில்யரின் 96 அங்குலத் தண்டத்துக்கு ஆளுயரம் என்ற பெயரும் உண்டு. ஆனால் என் முழங்கை அளவை நாலு தடவை வைத்தால் 182 செ.மீ. ஆகிவிடுகிறது. வீட்டில் மற்றவர்கள் கையையும் அளந்தேன். எல்லோருக்கும் முழங்கை அளவு உயரத்தின் கால் பங்கைவிட நீளமாகவே இருந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த வாய்பாடுகள் உடற்கூறு இல்லை. உடம்பின் ஏதோ ஒரு உறுப்பை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் எளிதில் வகுபடும் எண்களால் கட்டிய கணக்கு. எந்த உறுப்பைத் தேர்ந்தார்கள் என்பதுதான் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ளாமல் "சராசரி மனிதனின் முழங்கை நீளம்" என்று தேடி அதைப் பிரமிடுக்கும் கோயிலுக்கும் பொருத்தினால் விடை கோணலாகத்தான் வரும். பூக்காரம்மா முழம் போடுவதும் பழைய கட்டடத்தின் முழமும் ஒரே பெயரில் இருக்கின்றன. முன்னது அந்த அம்மாவின் கை, பின்னது ஒரு கோல்.

விரலுக்கும் கீழே இறங்கினால் நெல். வீட்டுக்கு வந்த சன்ன ரக நெல்லில் எட்டை எடுத்து, வெர்னியரின் தாடைகளுக்கு நடுவே பக்கம் பக்கமாக அடுக்கினேன். 18 மி.மீ.க்குச் சற்று மேலே நின்றது. அதே போல் மோட்டா ரக நெல்லை அடுக்கினால் 24-ஐ நெருங்கியது. எந்த நெல் என்று சொல்லாத வரை எட்டு நெல் ஒரு விரல் என்பதை நீள அளவாக எடுக்க முடியாது. விரலை எட்டாகப் பிரி என்ற கட்டளையாக எடுத்தால் அது அருமையான அளவு. மூன்று தடவை பாதியாக்கினால் முடிந்தது.

ஆசாரி அங்குலம்

நான்காம் முகம், மரம் கொடுத்த ஆசாரியால் வந்தது. கோலைக் காட்டப் போனபோது தன் முழக்கோலை எடுத்து என் கோலின் பக்கத்தில் வைத்தார். "நம்ம முழம் இதுல எங்க சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மனையடிக் கணக்குப் பார்க்கும் ஆசாரிகளும் ஸ்தபதிகளும் இன்றும் பயன்படுத்தும் முழக்கோல் இரண்டே முக்கால் ஆங்கில அடி, அதாவது 33 அங்குலம். அதையும் 24-ஆகத்தான் பிரிக்கிறார்கள். ஒரு பங்கு ஒன்றே மூன்றெட்டு ஆங்கில அங்குலம், 34.9 மி.மீ. பெயர் முழம், பிரிவு 24, எல்லாம் வாய்பாட்டுப்படியே. ஆனால் நீளம் என் கையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவருடைய அங்குலத்தைப் பாதியாக்கினால் 17.5 மி.மீ. மறுபடியும் ஒரு விரல் அளவுக்கு வந்து நிற்கிறது. குஜராத்தின் லோத்தலில் கிடைத்த சிந்துவெளிக் காலத் தந்த அளவுகோலில் கோட்டுக்குக் கோடு 1.7 மி.மீ. அதில் பத்து சேர்ந்தால் 17 மி.மீ. இவற்றை ஒரே சரடில் கோக்க நான் முனையவில்லை. விரல் என்று ஒன்றை எண்ணிக் கோல் செய்கிறவர்கள் 17-க்கும் 19-க்கும் நடுவில்தான் சுற்றுகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

நம் சிற்ப நூல்களில் முழத்துக்குள்ளேயே நாலு வகை இருக்கிறது. 24 அங்குலம் கிஷ்கு, 25 பிராஜாபத்தியம், 26 தனுர்முஷ்டி, 27 தனுர்க்கிரகம். அந்த நூல்களில் ஒன்றான மயமதம் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வேலைக்குச் சொல்கிறது. வண்டிக்கும் கட்டிலுக்கும் ஒன்று, கோயில் விமானத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. எனவே ஒரு கோயில் அளவை மாற்றும்போது முழம் என்று எழுதியிருந்தால் 24 என்று உடனே பெருக்கிவிடக் கூடாது. என் கோலின் நீளத்தில் ஆசாரியின் முழம் முழுதாக இடம் பிடிக்காது, 16 அங்குலம் பிடித்தது. 16 என்றால் சரியாக 22 ஆங்கில அங்குலம், 558.8 மி.மீ. அதை மட்டும் கீறி, அவரிடம் காட்டினேன். தன் கோலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மாற்றும் முறை

இப்போது எந்தப் பழைய அளவு வந்தாலும் நான் செய்வது ஒன்றுதான். முதலில் அதை அதன் சொந்த விரலாக்குகிறேன். பிரமிடின் 440 முழம் என்றால் 440 பெருக்கல் 28, 12,320 விரல். அப்புறம் ஒரே ஒரு தடவை தாண்டுகிறேன். மீட்டருக்கு என்றால் 18.7-ஆல் பெருக்கினால் 230.38 மீட்டர். உண்மையில் அளந்தது 230.3. ரோமுக்கு என்றால் மீட்டரே வேண்டாம். 185 எகிப்து விரலும் 187 ரோம் விரலும் ஒரே நீளம். 187-ஆல் பெருக்கி 185-ஆல் வகுத்தால் 12,453 ரோம் விரல். கடைசியாக அந்த ஊர் வாய்பாட்டில் சேர்க்கிறேன். 16-ஆல் வகுத்தால் 778 அடியும் கொஞ்சமும்.

வரிசையை மாற்றி, முதலிலேயே சென்டிமீட்டருக்குப் போய் முழுமையாக்கினால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன். முழத்தை 52 செ.மீ. என்று வைத்தால் பிரமிடு 228.8 மீட்டர், ஒன்றரை மீட்டர் காணாமல் போகிறது. விரலை 1.9 செ.மீ. என்று வைத்தால் 234 மீட்டர், மூன்றரை மீட்டருக்கு மேல் கூடிவிடுகிறது. முழுமையாக்கிய எண்களைச் சங்கிலி போட்டு மாற்றினால் இதுதான் நடக்கும்.

கோலுக்குக் கடைசியாக ஆளி விதை எண்ணெய் மெல்லியதாகத் தேய்த்துக் காயவிட்டேன். எகிப்து முகத்தில் ஒரு ஓரம் இன்னும் காலியாக இருக்கிறது. அதைச் சோழர் காலக் கோலுக்காக விட்டு வைத்திருக்கிறேன். கல்வெட்டுகளில் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல், பதினெட்டு சாண் கோல் என்றெல்லாம் நிலமளந்த கோல்கள் வருகின்றன. சில கோயில்களின் அடித்தளக் கல்லில் கோலின் நீளத்தையே இரு முனையிலும் குறி போட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த இரு குறிக்கும் நடுவே டேப் பிடித்து, எத்தனை சாண் கோலோ அந்த எண்ணால் வகுத்து, பிறகு 12-ஆல் வகுத்தால் அந்த ஊர் விரல் கிடைத்துவிடும். உதாரணமாக, பதினாறு சாண் கோல் 3.6 மீட்டர் வந்தால் சாண் 22.5 செ.மீ., விரல் 18.75 மி.மீ. எந்தக் கோயிலில் குறியும் சாண் எண்ணிக்கையும் ஒருசேர, தேயாமல் இருக்கிறதோ அதைப் பார்த்து அளந்துவிட்டுத்தான் அந்த ஓரத்தில் கத்தி வைப்பேன்.